கழுத்து மட்டும் மிஞ்சிய கிட்டார்

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு டீமேக்கர் குணரத்தினம் வியாழக்கிழமை தயாரித்த தேயிலையின் தேநீரை வாயில் ஊற்றி, சத்தமாக உறிஞ்சி, துப்பினார். அடுத்து வெள்ளிக்கிழமைத் தேநீர். பிறகு மறுபடியும் வியாழக்கிழமை.

"ஆண்டியப்பன், இதில நகப்பூச்சு மணக்குது."

தேயிலை உலர்த்தும் அறைக்குப் பொறுப்பான ஆண்டியப்பன் கோப்பையை மூக்கருகே கொண்டுபோய் நெடுநேரம் வைத்திருந்தார். "எனக்குச் சளிங்க ஐயா," என்றார். முதல் நாள் மாலை வரை அவருக்குச் சளி இருந்ததாக யாருக்கும் தெரியாது.

குணரத்தினம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, பொகவந்தலாவைக்கு மேலே உள்ள இந்தத் தோட்டத்தின் தொழிற்சாலையில் இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தேயிலை தயாரிப்பவர். எதையும் முதலில் மோந்து, பிறகு தொட்டு, கடைசியில்தான் பேசுவார். இந்தப் பழக்கத்தால் தோட்டத்தில் காணாமல்போன இரண்டு சைக்கிள்களையும் கோயில் ஒலிபெருக்கியையும் ஒரு மாப்பிள்ளையையும் கண்டுபிடித்துக் கொடுத்திருந்தார். சம்பளமில்லாத இந்த வேலைக்கு ஆண்டியப்பன் தாமாகவே உதவியாளராகச் சேர்ந்துகொண்டார். அவரிடம் ஒரு சிவப்பு நோட்டு இருந்தது. ஒவ்வொரு வழக்கிலும் முதல் பக்கத்திலேயே குற்றவாளியின் பெயரை எழுதிவிடுவார். இதுவரை எழுதிய ஒரு பெயரும் சரியாக இருந்ததில்லை. அதற்காக அவர் தளர்ந்ததும் இல்லை.

"வெப்பமானி என்ன சொல்லுது?" என்றார் குணரத்தினம்.

கொழுந்து வாட்டும் மாடியில் இரண்டு வெப்பமானிகள் தொங்கும். ஒன்றின் நுனியில் ஈரத்துணி, மற்றதில் இல்லை. காற்று உலர்ந்திருந்தால் இரண்டுக்கும் வித்தியாசம் அதிகம். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் இரண்டும் ஒன்றையே சொல்லும். தினமும் அதைக் குறித்து வைப்பது தொழிற்சாலை வழக்கம்.

"ஒன்னுதாங்க வித்தியாசம். திங்கக்கெழமையிலருந்து அதே ஒன்னுதான். மேகம் மாடிக்குள்ளேயே குடியிருக்கு."

அப்போதுதான் கிருஷாந்தி வந்தாள். தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில், அதாவது தாய்மார் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுச் செல்லும் இடத்தில், பொறுப்பாளராக இருப்பவள். வயது இருபத்தேழு. துவாயில் சுற்றிய நீளமான ஒன்றைத் தோளில் சாய்த்து வைத்திருந்தாள். மேசைமேல் வைத்துத் துவாயை விலக்கினாள். ஆறு முறுக்காணிகளும் குறுக்குக் கம்பிகளும் பதித்த ஒரு மரக்கழுத்து.

"ஐயா, என் கிட்டாரோட உடம்ப யாரோ எடுத்துட்டாங்க. கழுத்து மட்டுந்தான் மிச்சம்."

ஆண்டியப்பன் நோட்டைத் திறந்து, 'உடம்பைக் காணவில்லை. கழுத்து கைவசம்' என்று எழுதினார். எழுதியதைப் படித்தபோது அவருக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

"இரும் பிள்ளை. முதல்லயிருந்து சொல்லும்," என்றார் குணரத்தினம். பேச்சைக் கேட்டுக்கொண்டே, கயிற்றில் கட்டிய ஒரு காந்தத்தை மாதிரித் தட்டிலிருந்த தேயிலைமேல் மெதுவாக இழுத்தார். சலித்த தேயிலையில் இயந்திரத்தின் இரும்புத் துகள் ஏதும் கிடந்தால் அதில் ஒட்டிக்கொள்ளும்.

கிருஷாந்தி சொன்னாள். மூடிக்கிடக்கும் பழைய மடுவத்தில் மூன்று பேர் ஓய்வு நேரத்தில் மின்கிட்டார் செய்கிறார்கள். அவள், டவுன் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கும் தர்சன், பஜாரில் ஆட்டோவுக்குப் பெயின்ட் அடிக்கும் கிஷாந்த். மின்கிட்டாரின் உடம்பு உள்ளே வெறுமையானதல்ல, முழுப் பலகை. அதில் கழுத்தை வைத்து நான்கு திருகாணியால் இறுக்குவார்கள்.

"தர்சன் சார் வெட்டிக் குடுத்த ஒரே அட்டைதான் மூணுக்கும் அளவு. யார் கழுத்தும் யார் உடம்புக்கும் பொருந்தும். என் பலகை பழைய மடுவத்து உத்திரங்க. கூரை மாத்துறப்ப வெறகுக்குப் போட்டாங்க, நான் கேட்டு வாங்கிட்டேன். தொட்டில் கட்டுற உத்திரம் அது. நானே அதுல தொங்குனவதான். தொட்டில் ஆணி ஒன்னு உள்ளேயே ஒடிஞ்சிருச்சு. ரெண்டு உளி வாய் போச்சு, ஆணி வரல. பின்பக்கம் கீழ் மூலையில அப்படியே மரத்தூளும் பசையும் வச்சு மூடிட்டேன். சித்திரைக்கு முன்னாடி, வெயில் இருக்கயிலேயே கறுப்புப் பூசி, பெட்டியில காய வச்சேன்."

"கடைசியா எப்ப பாத்தனீர்?"

"போன ஞாயித்துக்கெழம. நேத்துப் பின்னேரம் தொறந்தா, பெட்டியில மடிச்ச சாக்குதான் கெடந்துச்சு. பூட்டு அப்படியே இருக்கு. சாவி எங்க மூணு பேருகிட்டதான்."

ஆண்டியப்பன் எழுதினார்: 'குரங்கு. காரணம்: பழக்கம்.'

"பூட்டத் தொறந்து எடுத்திருக்குண்ணே," என்றாள் கிருஷாந்தி, நோட்டை எட்டிப் பார்த்து.

"கெட்டிக்காரக் குரங்கு புள்ள," என்று திருத்திக்கொண்டார்.

"அந்த உடம்பு இல்லாட்டி என்ன நட்டம்?" என்று கேட்டார் குணரத்தினம்.

கிருஷாந்தியின் குரல் இறங்கியது. கொழும்பில் கிட்டார் செய்யும் பட்டறைக்காரர் ஒருவர் நாளை நுவரெலியாவுக்கு வருகிறார். கையால் செய்த கிட்டார்களைப் பார்த்து, ஒருவரைத் தம் பட்டறையில் வேலைக்கு எடுக்கப்போகிறார். மூவருமே அதற்குப் போவதாக இருந்தார்கள். "உடம்பும் கழுத்தும் சொந்தக் கையால செஞ்சிருக்கணும், கழட்டிப் பாப்பேன்னு போன சனிக்கெழமதான் மெசேஜ் போட்டாரு. ஏழு மாசம் செதுக்கினேங்க. நாளைக்குக் காலையில பத்து மணிக்கு வெறுங்கழுத்த எடுத்துக்கிட்டுப் போய் என்னன்னு நிப்பேன்?"

"மத்த ரெண்டு பேரின்ர கிட்டாரும் எங்க?"

"தர்சன் சாரோடது செவப்பு. மார்ச்சுலேயே முடிச்சுட்டாரு. சுவத்துலதான் தொங்கும். திங்கக்கெழம தந்தி மாத்த வீட்டுக்குக் கொண்டுபோயி, வியாழக்கெழம திருப்பி மாட்டுனாராம். நேத்தும் தொங்குச்சு. கிஷாந்து பங்குனியிலேயே உடம்பு செதுக்கிட்டான், பூசாமக் கெடந்துச்சு. நேத்துத் திடீர்னு பாலாடை நெறத்துல பூசி எடுத்துட்டு வந்தான். எங்க பூசுனன்னு கேட்டா சொல்ல மாட்டேங்குறான்."

"தர்சன் பலகை செதுக்கினதைப் பாத்தனீரோ?"

அவள் யோசித்தாள். "இல்லங்க. அவரு கொண்டாறயிலேயே உருவமாத்தான் இருந்துச்சு. யாழ்ப்பாணத்துல பலகை அறுக்குற மரக்காலையில நின்னு செஞ்சேன்னாரு. கழுத்த மட்டும் எங்க கண்ணு முன்னாலதான் செஞ்சாரு. நல்ல கைங்க."

குணரத்தினம் காந்தத்தைத் துணியால் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பகல் இரண்டு மணிக்கு எல்லோரும் பழைய மடுவத்தில் கூடினார்கள். மேகமும் கூடியது, கதவைத் திறந்தபோது அழைப்பில்லாமல் உள்ளே வந்து மூலையில் நின்றது. சுவரில் குழந்தைகளுக்காக யாரோ வரைந்த யானை ஒன்று பாசி பிடித்துப் பச்சையாகியிருந்தது. அதன் கீழே இரண்டு கிட்டார்கள். சிவப்பு சுவரில், பாலாடை நிறம் மேசையில்.

தர்சன் முழுக்கைச் சட்டையுடன் நேராக நின்றார். கிஷாந்த் சன்னல் ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஏழு மாதம் ஒரே ரம்பத்தை மாறி மாறிப் பிடித்தவர்கள் இப்போது அந்த ரம்பத்தைக்கூடச் சந்தேகமாகப் பார்த்தார்கள்.

"நான் நேரடியாச் சொல்லுறன் சேர்," என்றார் தர்சன். "கறுப்பு உடம்பு காணாமப் போன கிழமையிலதான், இந்த ஏழு நாளுக்குள்ளதான், இந்தக் கிட்டார் புதுப்பூச்சோட வந்திருக்கு. எந்த இடத்தில பூசினது எண்டும் சொல்லுறானில்லை. ஒரு மூலையில சுரண்டிப் பாத்தாப் போதும். கீழ கறுப்பு இருந்தா விளங்கிடும்."

"சுரண்டுங்க," என்றான் கிஷாந்த். "கறுப்புத்தான் இருக்கும். நானே சொல்றேன். ஆட்டோவுக்கு அடிச்ச கறுப்பு மிஞ்சிருந்துச்சு, அத அடியில போட்டேன். கறுப்புப் பெயின்ட்ட கிருஷாந்தி அக்கா மட்டுந்தான் வாங்கணும்னு சட்டம் இருக்கா?"

"எங்க பூசுன கிஷாந்து?" என்றாள் கிருஷாந்தி. "அதச் சொல்லிட்டாப் போதும்டா."

கிஷாந்த் அவளைப் பார்த்தான். பிறகு ஏனோ கூரையைப் பார்த்தான். "சொல்ல முடியாதுக்கா."

தர்சன் ஆண்டியப்பன் பக்கம் திரும்பினார். "அண்ணை, எழுதுங்கோ. இவ்வளவும் போதாதோ?"

எல்லா வழக்கிலும் விடிவதற்கு முன்பே பெயர் எழுதிவிடும் ஆண்டியப்பன் இந்த முறை பேனாவைத் தட்டிப் பார்த்தார். மூடியைத் திறந்தார். மறுபடி மூடினார். "மை வரலங்க," என்றார். குணரத்தினம் அவரை ஒரு கணம் பார்த்துவிட்டுச் சிவப்புக் கிட்டாரிடம் போனார்.

"வடிவான சிவப்பு, தம்பி. எப்ப அடிச்சனீர்?"

"மார்ச் நடுவில சேர். அதுக்குப் பிறகு கையே வைக்கேல்லை. இந்தக் கிழமை தந்தி மட்டும் மாத்தினனான்."

குணரத்தினம் கிட்டாரை மோந்தார். தந்தியின்மேல் விரலை ஓட்டிவிட்டு விரலைப் பார்த்தார், பழுப்பாக இருந்தது. பிறகு கிட்டாரைச் சன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தார். கழுத்தடியில், சிவப்பு நிறத்துக்கு மேலே போட்ட கண்ணாடிப் பூச்சுக்குள், கஞ்சித் தண்ணீர் சிந்தியதுபோல ஒரு வெண்மை.

"மேகம் படிஞ்சிருக்குங்க," என்று ஆண்டியப்பன் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தின் நுனியால் துடைத்தார். போகவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தித் துடைத்தார். அப்போதும் போகவில்லை.

"மேகந்தான். ஆனா வெளியில இல்லை," என்றார் குணரத்தினம். "ஒருத்தற்ற கிட்டாரையும் சுரண்டத் தேவையில்லை. அவன் செய்யாதவனா இருந்தா நாளைக்குச் சுரண்டின கிட்டாரோட நிப்பான். பிள்ளை, ஆணி ஒடிஞ்ச இடம் எது?"

"பின்பக்கங்க. கீழ் மூலை."

"அந்த மூலையில வேற ஏதாவது இரும்பு இருக்குமோ?"

"இருக்காதுங்க. கம்பி, காந்தச் சுருள் எல்லாம் நடுவுல, முன்பக்கத்துல."

குணரத்தினம் சட்டைப் பையிலிருந்து தேயிலைக் காந்தத்தை எடுத்தார். பாலாடை நிறக் கிட்டாரைக் குப்புறப் போட்டு, கயிற்றைப் பிடித்து, கீழ் மூலைக்கு மேலே காந்தத்தைத் தொங்கவிட்டார். அது கடிகாரத்து ஊசல்போலச் சற்று ஆடி, சலிப்போடு நின்றது. கிஷாந்த் மூச்சு விட்டான். ஆண்டியப்பன் அவனைவிடப் பெரிதாக மூச்சு விட்டார்.

பிறகு சிவப்புக் கிட்டாரைக் குப்புறப் போட்டார்.

"சேர், இது தேவையோ?" என்றார் தர்சன். "இது நாலு மாசமாச் சுவரில தொங்கினதை எல்லாரும் பாத்ததுதானே?"

"எல்லாரும் சிவப்பைத்தான் பாத்தவை," என்றார் குணரத்தினம். கயிற்றைத் தாழ்த்தினார். காந்தம் ஆடவில்லை. பக்கவாட்டில் ஒரு விரற்கடை நகர்ந்து, 'டக்' என்று பூச்சின்மேல் ஒட்டிக்கொண்டது.

கிருஷாந்தி காந்தம் ஒட்டிய இடத்தில் உள்ளங்கையை வைத்து, காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியைத் தொடுவதுபோல வைத்திருந்தாள்.

"புது கிட்டார் எங்க எண்டு எல்லாரும் தேடினீங்கள்," என்றார் குணரத்தினம். "களவெடுத்தவன் புதுசா ஒண்டைக் கொண்டுவரேல்லை. எல்லாரும் பாத்துப் பழகின ஒண்டுக்குள்ள அதை ஒளிச்சிட்டான். திங்கக்கிழமை சுவரில இருந்து போனது ஒரு சிவப்பு உடம்பு. வியாழக்கிழமை அதே கழுத்தோட, அதே தந்தியோட வந்தது வேற உடம்பு. தம்பி, தந்தி மாத்தினதாச் சொன்னீர். ரெண்டு நாளையில புதுத் தந்தி இப்பிடித் துரு விடாது."

தர்சன் தந்தியைப் பார்த்தார்.

"அதை விடும். இங்க எப்பவும் ஈரம். எனக்குச் சந்தேகம் வந்தது அந்த வெண்மையால. காத்தில ஈரம் கூடின நேரம் இந்தப் பூச்சை அடிச்சால், காயேக்க அது குளிர்ந்து தண்ணியை உள்ள இழுக்கும். வெள்ளை வெள்ளையாத் திரையும். மார்ச் நடுவில எங்கட வெப்பமானி வித்தியாசம் எட்டு, ஒன்பது. புத்தகத்தில இருக்கு. கொழுந்து கருகின காலம் அது. அப்ப அடிச்ச பூச்சில மேகம் வராது. இந்தக் கிழமை வித்தியாசம் ஒண்டு."

"அதான பாத்தேன்," என்றான் கிஷாந்த். "மழையில எவனாச்சும் பூசுவானா? எங்க கராஜில சின்னப் பயகூடப் பூச மாட்டான்."

"இங்க பிறந்தவன் பூசமாட்டான்," என்றார் குணரத்தினம். "எங்கட ஊர்க்காரன் பூசுவான். அங்க காலமை அடிச்சா மத்தியானத்துக்கு முன்னம் காய்ஞ்சிடும். நான் இங்க வந்த முதல் வருசம் கலியாண அலுமாரிக்கு ஆனி மாசம் பொலிஷ் அடிச்சனான். என்ர மனிசி இண்டைக்கும் அதைத் தயிர்ச்சட்டி எண்டுதான் சொல்லுறா. அந்த மேகத்தை இருபத்திரண்டு வருசமாத் தினமும் பாக்கிறன் தம்பி. எனக்குத் தெரியாமப் போகுமோ?"

தர்சன் மேசை ஓரத்தில் உட்கார்ந்தார். வகுப்பில் விடை பிழைத்த மாணவன்போலக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ர உடம்பு வெளிநாட்டில இருந்து பெட்டியில வந்தது சேர். கழுத்து இருக்கிற குழிக்குள்ள கொம்பனி முத்திரை சுட்டிருக்கு. கழட்டிப் பாத்தா அம்பிட்டிடும். கழுத்து மட்டும் நானே செய்தனான், அது சத்தியம். உடம்பும் நான் செய்தது எண்டு இவையளிட்ட முதல் நாள் ஒரு பெருமைக்குச் சொல்லிப்போட்டன். பிறகு மாத்திச் சொல்ல வாய் வரேல்லை. போன சனி அந்த மெசேஜ் வந்தது. ஒரு கிழமையில பலகை செதுக்கேலாது."

"கேட்டிருந்தா பலகை குடுத்திருப்பேன் சார்," என்றாள் கிருஷாந்தி. "உத்திரத்துல பாதி இன்னும் அந்த மூலையிலதான் கெடக்கு. ஏழு மாசமா அது மேலதான் உக்காந்து டீ குடிச்சீங்க."

எல்லோரும் மூலையைப் பார்த்தார்கள். பலகை அங்கேயே இருந்தது. மேலே தர்சனின் தேநீர்க் கோப்பை.

பொலிசுக்குப் போவதா என்று ஆண்டியப்பன் ஆவலோடு கேட்டார். கிருஷாந்தி கடிகாரத்தைப் பார்த்தாள். "பொலிசுக்குப் போனா கிட்டாரையும் அவங்கதான் வச்சுக்குவாங்க. எனக்கு நாளைக்கு வேணும். சார், உங்க கழுத்தக் கழட்டுங்க."

தர்சன் தந்திகளைத் தளர்த்தி, நான்கு திருகாணிகளையும் கழற்றினார். கழுத்து விலகியது. அது இருந்த குழிக்குள் சிவப்பு இல்லை. பூசும்போது உள்ளே நிறம் போகாமலிருக்க அவர் நாடா ஒட்டியிருந்தார். குழி முழுக்கக் கறுப்பு, வெயிலில் காய்ந்த, கண்ணாடி போன்ற கறுப்பு. அதன் ஓரத்தில் கிருஷாந்தி ஆணி முனையால் கீறியிருந்த ஒரு சின்ன 'கி'.

"சிவப்பை இண்டைக்கு எடுக்க ஏலாது," என்றார் தர்சன் மெதுவாக. "கெடுத்துப்போட்டன்."

"செவப்பாவே போறேன்," என்றாள் அவள். தன் கழுத்தைத் துவாயிலிருந்து எடுத்துக் குழியில் வைத்தாள். அது அசையாமல் உட்கார்ந்தது. தர்சன் திருகாணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டாள், முகத்தைப் பார்க்கவில்லை.

வாசலில் கிஷாந்த் குணரத்தினத்தின் பக்கத்தில் வந்து நின்றான். "ஐயா, நான் எங்க பூசுனேன்னு கேக்கலியே?"

"அது வேற வழக்கு," என்றார் குணரத்தினம்.

ஞாயிறு பகல் ஒரு மணிக்கு, தொழிற்சாலைத் தேநீர் மேசையருகே அவருடைய கைபேசி அடித்தது. ஆண்டியப்பனும் காதை நீட்டினார்.

"ஐயா, நான் கிருஷாந்தி. அவரு கிட்டார வெளிச்சத்துல புடிச்சாருங்க. 'இது என்ன மேகம், ஈரத்துல பூசுனியா'ன்னாரு. 'ஈரத்துல பூசுனதுதான் சார், ஆனா பூசுனது நான் இல்ல. நான்னா வெயிலுக்குக் காத்திருப்பேன்'னேன். சிரிச்சாரு. நம்பலன்னு தெரிஞ்சிச்சு. கழுத்தக் கழட்டிக் குழியக் காட்டுனேன். அந்தக் கறுப்பத் தடவிப் பாத்தாரு. ரொம்ப நேரம் தடவுனாருங்க."

"பிறகு?"

"அடுத்த மாசம் ஒன்னாந்தேதி வேலைக்கு வரச் சொல்லிட்டாரு." பின்னால் பஸ் நடத்துனர் ஒருவர் நானுஓயா, நானுஓயா என்று கூவினார். "கிஷாந்தையும் பாத்தாருங்க. 'இந்த மழையில மேகமே படியாம எங்க பூசுன'ன்னு கேட்டாரு. செத்தாலும் சொல்ல மாட்டேன்னுட்டான். அவரு தொழில் ரகசியம்னு நெனச்சு நம்பர் குடுத்திருக்காரு."

குணரத்தினம் கைபேசியை வைத்தார். வியாழக்கிழமைத் தேநீரை இன்னொரு கோப்பையில் ஊற்றி ஆண்டியப்பனுக்கு முன்னால் நகர்த்தினார்.

"ஆண்டியப்பன். இந்தக் கிழமை இந்த மலை முழுக்க ஈரம். பூச்சு மேகமில்லாமக் காயிறதுக்குச் சூடான இடம் வேணும். அப்பிடி ஒரு இடந்தான் இஞ்ச இருக்கு. உலர்த்துற அறைக்குப் பின்னால, அடுப்புப் பக்கம். அதின்ர சாவி ஒராளிட்டத்தான் இருக்கு. வியாழக்கிழமைத் தேயிலையில நகப்பூச்சு மணந்தது, கிட்டார்ப் பூச்சின்ர மணமும் அதுதான். அந்த ஆளுக்கு வெள்ளிக்கிழமை வரைக்கும் இல்லாத சளி சனிக்கிழமை காலமை வந்தது. மத்தியானம் பேனையில மையும் வத்திப் போச்சு."

ஆண்டியப்பன் கோப்பையை எடுத்தார். மோந்தார். கீழே வைத்தார்.

"பய ரொம்பக் கெஞ்சினாங்க ஐயா," என்றார். "ஒரே ஒரு ராத்திரி தொங்கட்டும்னான்."

"நோட்டைத் திறவும்."

பேனா முதல் இழுப்பிலேயே எழுதியது. ஆண்டியப்பன் புதுப் பக்கத்தில், அழகான எழுத்தில், தம் பெயரையே எழுதிக் கீழே கோடும் போட்டார். அந்த நோட்டில் சரியாக அமைந்த முதல் பெயர் அதுதான்.